துணியா, பம்பஸா?



கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பிள்ளைக்கு மூன்று மாதம். மாமியார் துணிதான் கட்ட வேண்டும் என்று நிற்கிறார். பிரான்சில் இருக்கும் மச்சாள் பம்பஸ் வாங்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார். கிளினிக்கில் பக்கத்தில் இருந்த பெண், பம்பஸ் கட்டினால் பிள்ளைக்குக் கால் வளைந்துவிடும் என்று சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார். "எது நல்லது எண்டு ஒரு முடிவு சொல்லுங்கோ அக்கா, வீட்டில ஒரே சண்டையாக் கிடக்கு" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

கால் வளையும் என்ற பயத்தை முதலிலேயே விட்டுவிடலாம். கைக்குழந்தைகளின் கால்கள் இயல்பாகவே சற்று வளைந்துதான் இருக்கும். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால்கள் அவை. பிள்ளை நடக்கத் தொடங்கி, இரண்டு வயதளவில் அவை தாமாகவே நிமிரும். துணி கட்டினாலும் பம்பஸ் கட்டினாலும் அதில் மாற்றமில்லை.

மற்றக் கேள்விக்கு, 2018ஆம் ஆண்டுக்கு முன்னர் என்றால், ஒரே சொல்லில் பதில் எழுதியிருப்பேன். துணி என்று. இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு தாய். அவருடைய சம்மதத்துடன், ஊரும் பெயரும் இல்லாமல் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த வருடம் வன்னியில் ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் தாய்மாருக்கான கூட்டம் வைத்தோம். நான் மட்டையில் படம் எல்லாம் கீறிக்கொண்டு போயிருந்தேன். பம்பஸ் வாங்குவதால் வீட்டுக் காசு எவ்வளவு கரைகிறது, பிள்ளையின் தோல் எப்படிப் புண்ணாகிறது, குப்பை எங்கே போகிறது என்று முக்கால் மணித்தியாலம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு தங்கச்சி மட்டும் போகாமல் நின்றார். ஐந்து மாதப் பிள்ளை தோளில். மற்றக் கை முழங்கைக்குக் கீழே இல்லை. 2009இல், பதினான்கு வயதில், செல் விழுந்து போன கை.

"அக்கா, நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனா துணி பிழியிறதுக்கு ரெண்டு கை வேணுமெல்லோ" என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஒரு தகவல் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. சமூகவியலில் பட்டம் பெற்றவள் நான். வீட்டுக்குள் பெண்கள் செய்யும் கூலியில்லாத வேலை யாருடைய கண்ணுக்கும் படுவதில்லை என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அந்த வேலையைச் செய்யக் கை இருக்கிறதா என்று அன்று கேட்காமல் விட்டதும் நான்தான்.

அடுத்த கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். கணவர் மேசன் வேலைக்காக வேறு மாவட்டத்தில் நின்றார். மாதத்தில் ஓரிரு நாள்தான் வீடு. வயதான தாயாருக்குக் கண் பார்வை குறைவு. பிள்ளையின் பம்பஸைக் கழற்றியபோது நான் திடுக்கிட்டுவிட்டேன். தொடை இடுக்கு முழுவதும் சிவந்து, தோல் உரிந்து, ஓரங்களில் சிறு சிறு பருக்களாக இருந்தது. விசயம் இதுதான். அவர் பக்கற்றாக வாங்கவில்லை. சந்திக் கடையில் பக்கற்றை உடைத்து ஒன்றிரண்டாக விற்பார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மிச்சம் பிடித்திருக்கிறார். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் பிள்ளையின் இடுப்பில் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். "மூண்டு மணித்தியாலம்" என்று அவர் உடனே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பொய் சொன்னது டொக்டருக்கு மட்டும் பயந்து அல்ல. பம்பஸ் கட்டும் தாய் பொறுப்பில்லாதவள் என்று முக்கால் மணித்தியாலம் பேசியவள் பக்கத்தில் நின்றாளே, அவளுக்கும் பயந்துதான். நல்லவேளையாக டொக்டர் புண்ணைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். பங்கசு சேர்ந்த புண். பூச மருந்து கொடுத்தார். பத்து நாளில் மாறியது.

எனவே இந்த மாதம் துணியையும் பம்பஸையும் நீதிமன்றத்தில் ஏற்றாமல், ஒவ்வொன்றும் நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம்.

பம்பஸ் என்பது உண்மையில் ஓர் அமெரிக்கக் கொம்பனியின் சாமானுக்கு வைத்த பெயர். 1961இல் அங்கே விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் எந்தக் கொம்பனி செய்தாலும் அதற்குப் பெயர் பம்பஸ்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். அதைப் பிரித்துப் பார்த்தால் வெளியே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள், உள்ளே தோலில் படும் இடத்தில் பிளாஸ்ரிக் நாரால் செய்த துணிபோன்ற விரிப்பு, இரண்டுக்கும் நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் சீனிபோலச் சிறு மணிகள் இருக்கும். ஈரம் பட்டவுடன் அவை ஊதி, களிபோல ஆகி, நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். 1980களில்தான் இந்த மணிகள் பாவனைக்கு வந்தன. அதன் பிறகுதான் பம்பஸ் இவ்வளவு மெல்லியதாக வந்தது.

அந்த மணிகளால் நன்மையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. மூத்திரத்தை அவை இழுத்துக்கொள்வதால் பிள்ளையின் தோல் நனைந்த துணியில் கிடப்பதைவிடக் காய்ந்து இருக்கும். நனைந்த துணியை அரை மணித்தியாலம் மாற்றாமல் விடுவதைவிட இது மேல். ஆனால் மலத்தை அவை ஒன்றும் செய்யா. மலமும் மூத்திரமும் கலந்து தோலில் இருந்தால் அரிக்கத் தொடங்கும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று நினைத்து நாம் விட்டுவிடுவோம். புண் வருவதற்குக் காரணம் துணியா பம்பஸா என்பதைவிட, எத்தனை நேரம் ஈரத்திலும் மலத்திலும் பிள்ளை கிடந்தது என்பதுதான். துணி கட்டி அதற்கு மேல் பிளாஸ்ரிக் கச்சை போட்டுவிட்டு மறந்தாலும் இதே புண் வரும்.

எதைக் கட்டினாலும் பகலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். பெண் பிள்ளை என்றால் முன்னிருந்து பின்பக்கமாகத் துடைக்க வேண்டும். வசிலின் மெல்லியதாகப் பூசினால் ஈரம் தோலில் நேரே படாது. பவுடர் வேண்டாம். அது பிள்ளையின் மூச்சோடு உள்ளே போகும். மூன்று நாளில் சிவப்பு மாறாவிட்டால், இடுக்குகளில் பருக்கள் தோன்றினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். பாமசியில் வாயால் கேட்டு ஏதாவது கிறீம் வாங்கிப் பூசாதீர்கள். அவற்றில் சில பிள்ளையின் தோலை மெலியச் செய்யும். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றினீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

துணியில் எனக்குப் பிடித்த ஒரு விசயம் உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று பல தாய்மார் அழுவதைக் கண்டிருக்கிறேன். பிறந்து ஐந்தாறு நாள் கழிந்த பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லுவார். துணி என்றால் கொடியைப் பார்த்தே எண்ணிவிடலாம். பம்பஸில் அது தெரியாது. ஆகவே, பிள்ளை பால் குடிக்கிறதா என்ற சந்தேகம் இருக்கும் முதல் கிழமைகளில் பகலில் துணி கட்டுவது தாயின் மனதுக்கும் ஆறுதல்.

இனிக் காசு. இந்தக் கணக்கை உங்கள் ஊர்க் கடை விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பம்பஸ் 60 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு என்றால் 360 ரூபா. மாதம் 10,800 ரூபா. கூலி வேலைக்குப் போகும் ஒரு வீட்டுக்கு இது சிறிய காசு இல்லை. இரவுக்கு ஒன்று மட்டும் என்றால் மாதம் 1,800 ரூபா. இரண்டுக்கும் இடையில் 9,000 ரூபா வித்தியாசம். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போய் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாம் ஏறின. அந்த வருடம் நான் போய்வந்த வீடுகளில், கொடியில் மீண்டும் துணி தொங்கத் தொடங்கியது. பெட்டகத்தில் இருந்த பழைய வேட்டிகளை அம்மம்மாமார் எடுத்துக் கிழித்தார்கள். நுண்கடன் எடுத்தும், கடையில் கொப்பியில் எழுதியும் பம்பஸ் வாங்கிய தாய்மாரையும் அதே வருடத்தில் கண்டேன். கடன்பட்டு வாங்க வேண்டிய சாமான் அல்ல அது. அதைவிடப் பிள்ளைக்குக் கட்டாமல் றபர்சீற்றில் போட்டுவிடலாம்.

துணி சும்மா வருகிறது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். துணிக்கு விலை தண்ணீர், சவர்க்காரம், வெயில், ஒரு பெண்ணின் இடுப்பு. நான் ஒருநாள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாளியால் அளந்து பார்த்தேன். பன்னிரண்டு துணியை நன்றாக அலசி எடுக்கப் பத்து லீற்றர் வாளியில் ஐந்து வாளி போனது. கிணறு வளவுக்குள் இருந்து, கையால் அள்ளும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால் அது பெரிய பாடில்லை. அரைக் கிலோமீற்றர் தள்ளிப் பொதுக் குழாயில் எடுப்பவருக்கு? ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றும் ஊர்களில்? பவுசர் தண்ணீரை நம்பி இருக்கும் தீவுப் பகுதிகளில்? குடிக்க எடுத்த தண்ணீரில் துணி அலச முடியாது. அலசாமல் சவர்க்காரம் மிஞ்சிய துணியைக் கட்டினால் பிள்ளைக்கு அதுவே கடி.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. தம்பி நாலு மாதப் பிள்ளை. அன்றிரவு மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தபோது, அம்மா கொண்டுவந்த துணிகள் எல்லாம் நனைந்து முடிந்துவிட்டன. தான் கட்டியிருந்த நூல் சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தம்பிக்குக் கட்டினார். விடியும்போது சேலை அரையாகிவிட்டது. பெரியம்மாவின் சாரியை வாங்கிச் சுற்றிக்கொண்டுதான் அம்மா தென்மராட்சிக்குள் நுழைந்தார். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பிள்ளை பெற்ற தாய்மார், வரிசையில் நின்று எடுத்த தண்ணீரில் குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, பிள்ளைத் துணிக்கு எவ்வளவு என்று பங்கிட்டதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உதவியாக வந்த பொதியில் நாலைந்து பம்பஸ் இருந்தால், அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கென்று ஒளித்து வைத்தார்களாம். அந்தத் தாய்மாருக்குப் பம்பஸ் ஒரு சொகுசுச் சாமான் என்று வகுப்பெடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

அதேபோல மாமியாரின் பக்கத்தையும் சற்று நினைக்க வேண்டும். மூன்று நாலு பிள்ளையை இடம்பெயர்வுகளுக்குள் துணியால் வளர்த்தெடுத்தவர் அவர். அவருக்குத் தெரிந்த வழி அது, வென்ற வழியும் அது. பம்பஸ் கட்டும் மருமகளைச் "சோம்பேறி" என்று அவர் சொல்லும்போது, தான் பட்ட பாட்டை யாரும் பாடாகவே எண்ணவில்லை என்ற மனக்குறையும் அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மறுபக்கத்தில், துணி கட்டிய பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போக வெட்கப்படும் தாய்மாரும் இருக்கிறார்கள். துணி என்றால் இல்லாத வீடு என்று நினைப்பார்களாம். இரண்டு வெட்கமும் பிள்ளைக்குப் பிரயோசனம் இல்லை.

குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நான் சற்றுக் கடுமையாகத்தான் பேசுவேன். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருடத்துக்குப் பம்பஸ் பாவித்தால் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு, துணி பாவித்தால் 570 கிலோ என்று அதில் இருந்தது. கிட்டத்தட்ட ஒன்று! ஏன் தெரியுமா? அங்கே துணியைச் சுடுநீர் மெசினில் தோய்த்து, மின்சாரத்தால் காய வைக்கும் வீடுகளும் கணக்கில் சேர்ந்தன. வெயிலில் காய வைத்து, மெசினை நிறைத்துத் தோய்த்து, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பாவித்தால் துணியின் பாதிப்பு 40 சதவீதம் குறையும் என்றும் அதே ஆய்வு சொல்லியது. நாங்களோ கல்லில் தோய்த்து, வெயிலில் காய வைத்து, அக்காவின் பிள்ளையின் துணியைத் தங்கச்சியின் பிள்ளைக்குக் கட்டுகிறவர்கள். எங்கள் துணிக் கணக்கு அவர்களுடையதைவிட நிச்சயம் நல்லது.

எங்கள் பம்பஸ் கணக்கு அவர்களுடையதைவிட மோசம். நகரத்தில் குப்பை எடுக்கப் பிரதேச சபை உழவு இயந்திரம் வருகிறது. உட்கிராமங்களுக்கு வருவதில்லை. ஆகவே வேலிக்கு அப்பால் எறிகிறோம். நாய் இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போடுகிறது. அல்லது சருகோடு சேர்த்துக் கொளுத்துகிறோம். நனைந்த பம்பஸ் முழுதாக எரியாது, புகைந்துகொண்டு கிடக்கும். அந்தப் பிளாஸ்ரிக் புகையை முதலில் சுவாசிப்பது ஏணையில் கிடக்கும் பிள்ளை. பிளாஸ்ரிக் கலந்த குப்பையை வெளியில் எரிப்பது 2017 முதல் நம் நாட்டில் சட்டப்படி தடை. மலசலகூடக் குழிக்குள் போட்டால் அடைத்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். வெடிப்புகள் வழியே அழுக்கு நேரே கிணற்றுத் தண்ணீரோடு போய்ச் சேரும். கிணற்றுக்குப் பக்கத்தில் புதைப்பது நாளைக்கு நாமே குடிக்கத்தான்.

செய்யக்கூடியது இது. பம்பஸில் உள்ள மலத்தை முதலில் மலசலகூடத்தில் தட்டி ஊற்றிவிட்டு, பம்பஸைச் சுருட்டி ஒட்டி, ஒரு பையில் சேர்த்துக் கட்டி, நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். நகரத்துக்குப் போகும் நாளில், குப்பை எடுக்கும் இடத்தில் கொடுங்கள். கரைச்சல்தான். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம், ஆறு என்றால் முடியாது. பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் நோய் இல்லை என்ற எண்ணமும் பிழை. கிருமி அதிலும் உண்டு. ஒவ்வொரு முறை மாற்றிய பின்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், அம்மம்மாவும் சேர்த்துத்தான்.

துணி தோய்க்கும் முறையைப் பலர் அறிவீர்கள். சிலவற்றை மட்டும் நினைவூட்டுகிறேன். இரண்டு டசின் துணி இருந்தால் வெயில் காலத்தில் போதும். பழைய வேட்டி, நூல் சேலை, நைந்த சாரம் போன்றவை புதுத் துணியைவிடப் பிள்ளைக்குச் சுகம். நைலெக்ஸ் வேண்டாம். ஊற வைக்கும் வாளிக்கு மூடி கட்டாயம் வேண்டும். தவழும் பிள்ளை தலைகீழாக விழ அரை வாளித் தண்ணீர் போதும். டெட்டோல் ஒவ்வொரு நாளும் தேவையில்லை. வயிற்றோட்டம் வந்தால் துணியை அவித்து எடுங்கள். கல்லுத் தண்ணீரில் துணி மட்டைபோல விறைத்தால், கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் ஒரு மணித்தியாலத்தில் துணி காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். ஈரத் துணியை அடுப்படியில் தொங்கவிட்டுப் புகை மணத்தோடு கட்டுவதைவிட, அந்த இரண்டு மாதத்தில் பம்பஸ் இரண்டு கூடுதலாகப் போனால் போகட்டும்.

கணவர் வீட்டில் நிற்கிற நாளில் அவர் தோய்த்தாலும் துணி வெளுக்கும். இதை நான் கூட்டங்களில் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை.

கையை இழந்த அந்தத் தாயிடம் திரும்ப வருகிறேன். புண் மாறிய பிறகு நானும் அவரும் அவருடைய கிணற்றடியில் இருந்து யோசித்தோம். துணியை முடிச்சுப் போட ஒரு கையால் முடியாது. ஆகவே பழைய ரீசேட் துணியில், வயிற்றில் இலாஸ்ரிக் வைத்துச் சிறு கச்சைகள் தைப்பித்தோம். அதற்குள் மடித்த துணியை வைத்து இழுத்துவிட்டால் சரி. பிழிவதற்கு என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, வழியை அவரே கண்டுபிடித்தார். துணியின் நடுவைக் கிணற்றுத் தூணில் சுற்றி, இரண்டு முனையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து முறுக்கினார். தண்ணீர் ஓடியது. என் இரண்டு கையால் பிழிந்ததைவிட நன்றாகவே பிழிந்தார். பகலில் துணி, இரவுக்கும் ஆஸ்பத்திரி, பஸ் பயணத்துக்கும் பம்பஸ் என்று முடிவு செய்தார். இரவுக்கு ஏன் என்றால், அவருக்கு நித்திரை ஏற்கெனவே அறுந்த நித்திரை. கனவில் செல் சத்தம் கேட்டு எழும்புகிறவர். பிள்ளை நனைந்து அழாமல் கிடக்கும் நாலு மணித்தியாலம் அவருக்கு மருந்து மாதிரி. அதற்கு மாதம் போகும் காசை நான் வீண் செலவு என்று எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் அவரும் சேர்ந்து பெரிய பக்கற்றாக வாங்கிப் பங்கிட்டார்கள். ஒன்றிரண்டாக வாங்கியதைவிட விலை குறைந்தது. முக்கியமாக, மிச்சம் பிடிப்பதற்காகப் பன்னிரண்டு மணித்தியாலம் விட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

கடிதம் எழுதிய தங்கச்சிக்கு இப்போது பதில் சொல்கிறேன். மச்சாள் அனுப்பும் காசை மறுக்க வேண்டாம். அதில் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பம்பஸ் வாங்குங்கள். மிச்சத்தில் இரண்டு டசின் துணியும், மூடியுள்ள ஒரு வாளியும், சவர்க்காரமும் வாங்கலாம். உங்கள் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பகலில் துணி உங்களுக்குச் சரிவரும். பழைய வேட்டி வீட்டில் எங்கே இருக்கிறது என்று மாமியாரிடம் கேளுங்கள். எத்தனை முழம் கிழிக்க வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரவு பம்பஸ் கட்டும்போது, பிள்ளையின் அழுகையில் அவரும் எழும்பாமல் நித்திரை கொள்ளலாம் என்பதையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. பகலில் துணி தோய்ப்பது யார்? பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. சத்திரசிகிச்சை செய்து பெற்றீர்களா, இடுப்பு நோ இருக்கிறதா, கணவர் வீட்டில் நிற்கிறாரா என்பதையும் எழுதுங்கள். மாரி தொடங்குவதற்குள் உங்கள் அடுத்த கடிதம் கிடைத்தால் நல்லது.